சாயும் படகுக்கு ஈயம் வைக்கும் முன்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் திறந்தவர்கள் மூடி வைத்துவிட்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள். நம்மில் சொந்தமாகப் பாய்மரப் படகு வைத்திருப்பவன் ஒருவன்தான். ஆனாலும் எட்டாம் வகுப்பில் என்னிடம் நேர் மாறல் படித்த எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது.

அந்த ஒருவன் இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பக்கம் இருக்கிறான். பெயர் போடவேண்டாம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டான், போடவில்லை. ஹாம்பிள் ஆற்றில் ஒரு பழைய படகு வாங்கி நிறுத்தியிருக்கிறான். 1970களில் கட்டியது. ஃபைபர் உடம்பு, 26 அடி நீளம், ஏறக்குறைய 3 டன் எடை. அடியில் ஒன்றுக்கு இரண்டாக ஏரா. நம் ஊர் வத்தை மாதிரி நினைத்துவிடாதீர்கள். உள்ளே நாலு பேர் படுக்கலாம், அடுப்பு உண்டு, கக்கூஸ் உண்டு. இந்த மாதிரி ஐம்பது வருடப் படகுகள் அங்கே ஒரு பழைய கார் விலைக்குக் கிடைத்துவிடுமாம். வாங்கின நாளிலிருந்து அது இடது பக்கம் சாய்ந்தே நிற்கிறது.

வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "டீச்சர், உங்க பெரியப்பா தோணியில தண்டலா இருந்தாங்கன்னு கிளாஸ்ல சொல்வீங்களே. இது ஏன் டீச்சர் இப்படிச் சாயுது?"

பக்கத்தில் படகு கட்டியிருப்பவர்கள் அவனுக்கு ஒரு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். பழைய படகு என்றால் அப்படித்தான் இருக்கும், வலது பக்கம் 90 கிலோ ஈயக்கட்டி வாங்கிப் போடு, நேராகிவிடும் என்று. அவன் விலைகூட விசாரித்துவிட்டான். பள்ளி விடுமுறையில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு எதிரே இருக்கும் வைட் தீவுக்குப் போய்வரத் திட்டம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிகிற வரைக்கும் அந்தப் படகில் ஒரு கிலோ ஈயம்கூட வைக்கக் கூடாது. பழசு என்பது ஒரு காரணமே இல்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் நேராக நின்ற படகு இன்றைக்குச் சாய்கிறது என்றால், இடது பக்கம் ஏதோ ஒன்று கூடியிருக்க வேண்டும், அல்லது வலது பக்கம் ஏதோ ஒன்று குறைந்திருக்க வேண்டும். வயதுக்கு எடை கிடையாது.

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான். கப்பல் கட்டும் படிப்புக்கும் எனக்கும் தூரம். ஆனால் இது ஆறாம் வகுப்பு நெம்புகோல் பாடத்துக்கு மேல் போகிற விஷயம் இல்லை. ஏற்றப் பலகையில் இரண்டு பிள்ளைகள் உட்காருவது. எடையை நடுவிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் பலகை நேராக நிற்கும்.

அவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "சாயுதுன்னு எப்படிலே சொல்லுத?" என்பதுதான். படகின் வயிற்றைச் சுற்றி வண்ணக் கோடு ஒன்று போட்டிருக்கும் இல்லையா, தண்ணீர் எதுவரை வரவேண்டும் என்று காட்டும் கோடு, அது இடது பக்கம் முங்கிவிட்டது என்றான். அந்தக் கோட்டைப் போட்டது யார்? அரை நூற்றாண்டில் அந்தப் படகுக்கு எத்தனை பேர் வண்ணம் அடித்திருப்பார்கள்? கரையில் மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருக்கும்போது படகு லேசாகக் கோணி நின்றால், அதற்கு அடிக்கும் கோடும் கோணலாகத்தான் விழும். அப்புறம் ஆயுள் முழுக்கப் படகு சாய்வதாகத்தான் தெரியும். கோடு தப்பா, படகு தப்பா என்று தெரியாமல் ஈயம் வாங்கக் கடைக்குப் போகிறவனை என்ன சொல்ல?

அதனால் கோட்டை விட்டுவிட்டு மேல்தளத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் அளக்கச் சொன்னேன். இடது பக்கம் ஓர் அளவு, நேர் எதிரே வலது பக்கம் ஓர் அளவு. அளக்கிறதுக்கும் முறை இருக்கிறது.

காற்று இல்லாத நேரம் வேண்டும். உயரமான பாய்மரத்தில் படும் காற்றே படகை ஒரு பக்கம் தள்ளும். கட்டியிருக்கும் கயிறுகளைத் தளர்த்த வேண்டும். எங்கள் பெரியப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். சரக்கு ஏற்றி முடிந்ததும், துறைமேடையில் இழுத்துக் கட்டிய கயிறுகளையெல்லாம் தளர்த்தச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன வத்தையில் ஏறிப் பின்பக்கமாகப் போய் நின்று பார்ப்பார். கயிறு தாங்கிப் பிடித்திருக்கும் தோணி பொய் சொல்லும் என்பார். இன்னொன்று, சவுத்தாம்ப்டன் பக்கம் ஓதம் பலமாக ஏறி இறங்கும் இடம். தாழ் ஓதத்தில் ஏரா சேற்றில் உட்கார்ந்துவிட்டால், சேறு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் படகு சாயும். ஆகவே உயர் ஓதத்தில் அளக்க வேண்டும். அந்த ஊரில் உயர் ஓதம் உடனே இறங்காமல் நெடுநேரம் நிற்கும், சில சமயம் இரண்டு முறை ஏறுவது போலவும் இருக்கும் என்று புவியியல் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அளப்பதற்கு வசதிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே, அளக்கிறவன் படகுக்குள் நிற்கக் கூடாது. 75 கிலோ ஆள் இடது விளிம்பில் எட்டிப் பார்த்துக்கொண்டு, ஐயோ இடது பக்கம் சாய்கிறதே என்றால் சாயாமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி மேடையில் நின்று அளந்து சொல்ல, மூத்த மகள் நோட்டில் எழுதினாள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் வித்தியாசம் 9 செ.மீ. ஆகக் கோடும் தப்பில்லை, படகு சாய்வதும் நிஜம்.

அடுத்தது எனக்குப் பிடித்த பகுதி. அவன் எடை 75 கிலோ. படகின் நடுக்கோட்டிலிருந்து வலது பக்கம் சரியாக 1 மீட்டர் தள்ளி அவனை அசையாமல் நிற்கச் சொன்னேன். திரும்ப அளந்தார்கள். 9 செ.மீ. வித்தியாசம் 2 செ.மீ. ஆகக் குறைந்துவிட்டது. அதாவது 75 கிலோவை 1 மீட்டர் தள்ளி வைத்தால் 7 செ.மீ. சரியாகிறது. அப்படியானால் 9 செ.மீ. சாய்வதற்கு எவ்வளவு வேண்டும்? நேர் மாறல். கரும்பலகை ஞாபகம் இருக்கிறதா? 75 பெருக்கல் 9, வகுத்தல் 7. ஏறக்குறைய 96. இந்தப் படகைச் சாய்க்கும் குற்றவாளியின் அளவு 96 கிலோ-மீட்டர். 96 கிலோ ஒரு மீட்டர் தள்ளி இருக்கலாம், 192 கிலோ அரை மீட்டர் தள்ளி இருக்கலாம். பெருக்கினால் 96 வரவேண்டும், அவ்வளவுதான். சின்னச் சாய்வுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே ஒத்துவரும். பெரிய கப்பல்களுக்கும் தெரிந்த எடையை ஓரத்தில் வைத்து, தொங்கவிட்ட குண்டு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துத்தான் நிலைத்தன்மையைச் சோதிக்கிறார்கள். குண்டு ஆடாமல் இருக்க அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வைப்பார்கள்.

பிறகு படகுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் எடை போட்டு, நடுவிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து, இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னேன். இதில்தான் பையன் சலித்துக்கொண்டான். "எல்லாத்தையுமா டீச்சர்?" எல்லாவற்றையும்தான்.

பழைய படகுகளில் இது ஒரு வேடிக்கை. கட்டியவர் ஒரு கணக்குப் போட்டுக் கட்டியிருப்பார். அப்புறம் வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒன்றைச் சேர்ப்பார், ஒன்றைக் கழிப்பார். ஒருவர் பெரிய பேட்டரி வைப்பார். இன்னொருவர் பழைய கனத்த இயந்திரத்தை எடுத்துவிட்டு இலகுவானதைப் பொருத்துவார். மூன்றாமவர் வலது பக்கத் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் துணிமணி வைப்பார். யாரும் தனியாகப் பெரிய கேடு எதுவும் செய்திருக்க மாட்டார்கள். கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நம் வீட்டு அலமாரிகள் ஒரு பக்கமாக இறங்குவதும் இப்படித்தான்.

பட்டியல் வந்தது. இடது பக்கம் இரண்டு பேட்டரி, ஒன்று 25 கிலோ, நடுவிலிருந்து 80 செ.மீ. 50 பெருக்கல் 0.8, 40. அடுப்பும் கேஸ் சிலிண்டரும் சேர்ந்து 25 கிலோ, 90 செ.மீ. தூரத்தில், 22 என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கத்தில் கருவிப்பெட்டி, கயிறு, சட்டிபானை எல்லாம் சேர்த்து 17. ஆக இடது பக்கம் மிஞ்சுவது 45.

வேண்டியது 96. கிடைத்தது 45. மிச்சம் 51 எங்கே போனது?

பிள்ளைகளே, இந்தப் பதிவையே இந்த 51-க்காகத்தான் எழுதுகிறேன். ஈயம் வைத்திருந்தால் இந்த 51 யார் கண்ணிலும் பட்டிருக்காது. படகு நேராக நிற்கும், போட்டோவில் அழகாக இருக்கும், எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். படகு தன்னிடம் என்ன குறை என்று சொல்வதற்கு அதனிடம் இருக்கும் ஒரே மொழி அந்தச் சாய்வு. அதன் வாயில் ஈயத்தை அடைத்துவிட்டு ஊருக்குப் புறப்படுவதா?

கண்ணுக்குத் தெரிந்த சாமானையெல்லாம் எழுதியாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் படகில் எடை கூட்டக்கூடியது ஒன்றுதான், தண்ணீர். பழைய ஃபைபர் படகுகளில் அது ஒளிந்துகொள்ள ஆயிரம் இடம். இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த மரம் ஊறிப்போகும். படுக்கைக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த ஃபோம் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்துக்கொள்ளும். உள்ளறை ஒன்றுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே வாசலே இல்லாத பொந்துகள் இருக்கும். நடுப்பள்ளத்தில் தண்ணீர் இருந்தால் இறைத்துவிடலாம். ஓரத்துப் பொந்தில் இருப்பது நடுப்பள்ளத்துக்கு வந்தே சேராது. மேலே எல்லாம் காய்ந்து பளிச்சென்று இருக்கும்.

இடது படுக்கையின் பலகைகளை முஷ்டியால் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல. ஓரிடத்தில் சத்தம் மாறியது. அந்த இடத்தில் பிரித்துப் பார்த்ததில், மூடி ஒட்டிய ஓர் அறைக்குள் தொடை அளவுக்குத் தண்ணீர். வாளி வாளியாக அவன் வெளியே எடுத்தது 50 லிட்டர். ஊறிய ஃபோமும் சேர்த்து 56, 57 கிலோ இருக்கும். நடுவிலிருந்து 90 செ.மீ. பெருக்கிப் பாருங்கள். 51.

நோட்டுப் புத்தகத்தில் எழுதிய விடை ஒரு படகின் வயிற்றுக்குள் தண்ணீராக நின்றதைக் கேட்டபோது, எனக்கு முப்பது வருடச் சம்பளம் ஒரே நாளில் வந்தது போல இருந்தது.

உடனே அடுத்த செய்தி அனுப்பினேன். ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார், துப்பிவிடு. உப்புக் கரித்தால் கடல் தண்ணீர், அடியில் எங்கோ ஓட்டை. கரிக்காவிட்டால் மழைத் தண்ணீர், அல்லது தொட்டித் தண்ணீர். உப்பு இல்லை என்றான். தொட்டி நிரப்பி வைத்த அளவில் குறையவே இல்லை. ஆக மழை. மேல்தளத்திலிருந்து எங்கோ இறங்குகிறது.

எங்கே என்று தேடிப் போனதில்தான் வயிற்றைக் கலக்கும் விஷயம் தெரிந்தது. பாய்மரம் நேராக நிற்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் கம்பிகள் அதை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கம்பிகள் மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகும் ஸ்டீல் பட்டைகளில் முடியும். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் அந்தப் பட்டையைப் படகின் குறுக்குச் சுவரில், ப்ளைவுட் பலகையில், போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். துளையைச் சுற்றிப் பூசிய பசை காலப்போக்கில் காய்ந்து விரிசல் விட்டிருக்கிறது. மழை அந்த வழியாக இறங்கி, முதலில் ப்ளைவுட்டைக் குடித்து, பிறகு கீழே இருக்கும் அறையை நிரப்பியிருக்கிறது. எத்தனை வருட மழையோ. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினானாம், ஊறவைத்த ரஸ்க்குக்குள் போவது போல உள்ளே போனதாம்.

பலமான காற்றில் பாய் நிறையும்போது அந்த ஒரு பட்டையை இழுக்கும் விசை டன் கணக்கில் இருக்கும். பலகை பிய்ந்து பட்டை கையோடு வந்தால் மரம் சாயும். கீழே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஈயக்கட்டி வாங்கியிருந்தால் விடுமுறையில் அந்த நான்கு பேரும் அந்தப் படகில்தான் போயிருப்பார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈயம் படகை நேராக்கும் என்பது உண்மை, ஆனால் எடை குறையாது, கூடும். இந்த அளவுப் படகு 1 செ.மீ. கூடுதலாக அமிழ சுமார் 110 கிலோ போதும். உள்ளே 50 கிலோவுக்கு மேல் தண்ணீர், வெளியிலிருந்து 90 கிலோ ஈயம். படகு நேராக, ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்து நிற்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் கண் கண்டுபிடிக்கும். சமமாகத் தாழ்ந்தால் கண் ஏமாந்துவிடும். அடுத்த மழைக்காலத்தில் இன்னும் 20 லிட்டர் சேரும், திரும்பக் கொஞ்சம் சாயும், இன்னும் கொஞ்சம் ஈயம் வாங்குவான்.

ஓடுகிற தண்ணீர் இன்னும் மோசம். தாம்பாளத்தில் அரையளவு தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். கை ஒரு நூல் சாய்ந்தால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். மூடின அறைக்குள் நின்ற தண்ணீர் அப்படி ஓடாது, அதனால்தான் அவன் படகு இவ்வளவு நாள் தாக்குப் பிடித்தது. தடுப்பு இல்லாத அகலமான தளத்தில் தண்ணீர் புகுந்தால் பெரிய கப்பலே நிமிடங்களில் கவிழும். 1987-இல் பெல்ஜியத்தின் ஜீபுரூக் துறைமுகத்துக்கு வெளியே ஒரு பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் முன்கதவை மூடாமல் புறப்பட்டு, கார் நிறுத்தும் தளத்தில் கடல் புகுந்து கவிழ்ந்ததில் 193 பேர் இறந்தார்கள்.

எதிர்ப்பக்கம் எடை வைப்பதே ஆபத்தாகிற ஒரு நிலையும் இருக்கிறது. சில கப்பல்கள் ஒரு பக்கம் எடை கூடியதால் சாய்வதில்லை. மேல்பாரம் அதிகமாகி, நேராக நிற்கவே முடியாமல் ஏதோ ஒரு பக்கம் போய்ச் சாய்ந்து நிற்கும். அதன் உயர்ந்த பக்கத்தில் எடை வைத்தால், நேராக நிற்காமல் படாரென்று மறுபக்கம் விழும், முன்னைவிட வேகமாக. கனமான ஏரா உள்ள சின்னப் பாய்ப்படகில் இது அபூர்வம். இருந்தாலும் மறுபக்கம் மெதுவாகத் தள்ளிப் பார்த்து, அங்கேயும் போய்ச் சாய்ந்து நின்றுவிட்டால், ஈயத்தையும் தொடாதே, படகையும் எடுக்காதே.

சாய்ந்த பாய்மரக் கப்பல் என்றால் சரித்திரத்தில் முதலில் நினைவுக்கு வருவது சுவீடனின் வாசா. என் தங்கை மகள் ஸ்டாக்ஹோமில் வேலை பார்த்தபோது அந்த அருங்காட்சியகத்தின் படங்களை அனுப்பினாள், அதிலிருந்து எனக்கு அந்தக் கப்பல் பைத்தியம். 1628 ஆகஸ்ட் 10, முதல் பயணம். 64 பீரங்கிகள், இரண்டு பீரங்கித் தளங்கள். சுமார் 1,300 மீட்டர் போனது. லேசான காற்றுக்கே இடது பக்கம் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சன்னல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, கரையில் நின்ற ஊர்ச்சனம் பார்க்கப் பார்க்க மூழ்கியது.

கதையில் எனக்கு ஆறாத இடம் இது. புறப்படும் முன்பே ஒரு சோதனை நடந்தது. 30 ஆட்களை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஓடவிட்டார்கள். என் மாணவனை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னேனே, அதே சோதனைதான். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் பயங்கரமாக ஆடியது, கவிழ்ந்துவிடும் என்று பயந்து நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் காரணத்தைத் தேடவில்லை. அரசர் குஸ்தாவ் அடால்ஃப் போர்முனையிலிருந்து அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், கப்பல் கிளம்பியது. அடியில் 120 டன் அளவுக்குக் கல் பாரம் இருந்தது. இன்னும் போட்டிருக்கலாமே என்றால், கப்பல் தாழ்ந்து கீழ்த்தளச் சன்னல்கள் தண்ணீருக்கு இன்னும் பக்கத்தில் வந்திருக்கும். விசாரணை நடந்தது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

1961-இல் கப்பலை வெளியே எடுத்தார்கள். பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு மரத்தையும் அளந்ததில், இரண்டு பக்கமும் சமமாக இல்லை, இடது பக்கத்தில் மரம் அதிகம் என்று தெரிந்தது. கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்திருந்தன. சில சுவீடன் அடிக்கோல், 12 அங்குலமாகப் பிரித்தவை. மற்றவை ஆம்ஸ்டர்டாம் அடிக்கோல், 11 அங்குலம். ஒரே கப்பலுக்கு இரண்டு ஸ்கேல்! கப்பல் மூழ்கியதற்கு மேல்பாரம்தான் பெரிய காரணம், இதை மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனால் பென்சில் பெட்டியில் உடைந்த ஸ்கேலோடு வருகிற பிள்ளைகளை நான் ஏன் அத்தனை பாடு படுத்தினேன் என்று இப்போதாவது புரிகிறதா?

இன்னொரு நினைவு. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் தலையை வலது பக்கம் சாய்த்தே உட்காருவான். ஒரு ஆசிரியர் உள்ளே வந்ததும் தலையை நிமிர்த்தச் சொல்லி மோவாயைத் தட்டுவார். தட்டினால் நிமிர்வான், அவர் போனதும் சாய்வான். எனக்கு அது திமிராகத் தெரியவில்லை. பின்னால் போய் நின்று இரண்டு பக்கமிருந்தும் மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். இடது காதில் சீழ், பாதிக்கு மேல் கேட்கவில்லை. அவன் இதைப் படித்துக்கொண்டிருப்பான். கோபித்துக்கொள்ளாதே தம்பி, பெயர் சொல்லவில்லை.

படகுக்கு வருகிறேன். ஈயம் எப்போதுமே பாவம் என்று நான் சொல்லவில்லை. அடுப்பும் தொட்டியும் ஒரே பக்கம் அமைந்துவிட்டால், படகு கட்டுகிறவர்களே எதிர்ப்பக்கம் பாரம் வைப்பதுண்டு. காரணம் இன்னதென்று தெரிந்து, அதை நகர்த்த வழியில்லை என்றால் வைக்கலாம். கீழே, ஆழத்தில், அசையாதபடி கட்டி வைக்க வேண்டும். சும்மா அடுக்கி வைத்தால் படகு காற்றில் சாயும்போது அந்தக் கட்டி பறந்து வந்து ஆளையோ படகின் தோலையோ உடைக்கும்.

போன வாரம் என் அண்ணன் மகன் கேட்டான், "எதுக்கு அத்தை இவ்வளவு பாடு? ஒரு சர்வேயரைக் கூப்பிட்டாப் போதாதா?" கூப்பிடத்தான் வேண்டும். அந்த அழுகிய பலகையைப் பார்த்ததும் நானே அதைத்தான் சொன்னேன், இது உன் வேலையும் இல்லை என் வேலையும் இல்லை என்று. ஆனால் "படகு சாயுது, வந்து பாருங்க" என்று கூப்பிடுவதற்கும், "96 வேண்டும், 45 கிடைத்தது, 51 தண்ணீர், தண்ணீர் வந்தது இந்தப் பட்டை வழியாக" என்று நோட்டோடு கூப்பிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. வந்தவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, நேராக அந்தக் குறுக்குச் சுவரிடம்தான் போனாராம். வலது பக்கப் பட்டையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதுவும் ஊற ஆரம்பித்திருந்தது, ஆனால் பலகை இன்னும் கெட்டி.

இப்போது படகு கரையில் இருக்கிறது. மரத்தை இறக்கிவிட்டு இரண்டு பக்கக் குறுக்குச் சுவரையும் புதிதாகப் போடுகிறார்கள். செலவு ஈயத்தைப் போலப் பல மடங்கு, மனைவிக்கு வருத்தம்தான். வைட் தீவு அடுத்த வருடம். பேட்டரிகளை நடுக்கோட்டுக்கு மாற்றியாகிவிட்டது. அதனால் 40 கழியும், தண்ணீர் போனதில் 51 கழியும், 96-இல் மிச்சம் 5. எத்தனை செ.மீ. சாயும் என்று கணக்குப் போடுங்கள். அரை செ.மீ. கூட வராது. அதையும் சரிசெய்யட்டுமா என்று கேட்டான். சட்டிபானைகளை வலது பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளி வை, போதும் என்றேன்.

திரும்பத் தண்ணீரில் இறக்கினதும் காற்றில்லாத ஒரு காலையில், உயர் ஓதத்தில், கயிறைத் தளர்த்தி அளந்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். மகள்தான் எழுதுவாளாம். வந்ததும் இங்கே போடுகிறேன்.

நம்மில் மரைன் இஞ்சினியரிங் படித்தவர்கள் மூன்று பேராவது இருக்கிறீர்கள். நான் கணக்கில் எங்காவது நழுவியிருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சிவப்பு மையிலேயே எழுதலாம், இத்தனை வருடம் நான்தானே உங்களுக்குப் போட்டேன்.